மலர்ப் பள்ளத்தாக்கை உலகுக்குக் காட்டிய பிராங்க் ஸ்மைத்

பத்ரிநாத் யாத்திரை செல்வோருக்கு ஜோசிமடத்தைத் தாண்டியதும் கோவிந்த்காட் என்ற சிற்றூர் வரும். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்ய தேசம் பத்ரி என்பதால், தமிழ்நாட்டிலிருந்து மட்டுமின்றி செகந்திராபாத் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பலர் அவ்வழியே சென்று வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வண்டி அலகநந்தா நதிக்கரையோடு நேரே வடக்கு நோக்கிப் போய்விடும். ஆனால் அதே கோவிந்த்காட்டில் ஆற்றைக் கடந்து வலப்புறம் பிரியும் ஒரு மலைப்பாதை உண்டு. அது காங்கரியா என்ற இடத்தில் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேமகுண்ட் சாகிபுக்கு ஏறுகிறது. மற்றொன்று, பனிமலைகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இன்று மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்று உலகமெங்கும் அறியப்படும் இடம் அதுதான்.

அந்தப் பெயரை வழங்கியவர் பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர். மலையேறுவதிலும், ஏறிய மலைகளைப் பற்றி எழுதுவதிலும் தம் காலத்தில் முதல் வரிசையில் நின்றவர். அவர் எழுதிய ஒரு புத்தகம் ஒரு பள்ளத்தாக்கின் தலையெழுத்தையே மாற்றியது. அந்த மாற்றத்தால் விளைந்த நன்மை என்ன, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அவருடைய வரலாற்றோடு சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை.

நோயாளிச் சிறுவன்

ஸ்மைத் 1900-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தைச் சேர்ந்த மெய்ட்ஸ்டோன் நகரில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். இதயத்தில் கோளாறு இருப்பதாக மருத்துவர்கள் சொன்னதால், மற்றச் சிறுவர்களைப் போல ஓடியாடி விளையாட அவருக்கு அனுமதி இல்லை. பள்ளிப் படிப்பிலும் அவர் பெயர் எடுக்கவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த குன்றுகளும், புத்தகங்களில் பார்த்த மலைப் படங்களுமே அவருக்கு ஆறுதல்.

மின் பொறியியல் பயின்ற அவர், வேலைப் பயிற்சிக்காக ஆஸ்திரியாவுக்குச் சென்றார். அங்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் கூப்பிடும் தூரத்தில் இருந்தது. பொறியியல் பின்னுக்குப் போயிற்று. மலை முன்னுக்கு வந்தது. பிறகு விமானப் படையில் சேர்ந்து எகிப்துக்கு அனுப்பப்பட்டார். உடல்நிலை காரணமாக 1927-ல் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். இனி வாழ்நாள் முழுவதும் மாடிப்படி ஏறும்போதுகூட மெதுவாகவே ஏற வேண்டும் என்பது அப்போது அவருக்குக் கிடைத்த ஆலோசனை.

அந்த ஆலோசனையை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை அதே ஆண்டு காட்டிவிட்டது. ஐரோப்பாவின் உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான மோன் பிளாங்கின் பிரென்வா முகப்பில், அதுவரை எவரும் ஏறாத செங்குத்தான பனிச்சுவர் வழியாக கிரகாம் பிரௌன் என்பவருடன் சேர்ந்து மேலே ஏறினார். அடுத்த ஆண்டு அதே முகப்பில் இன்னும் கடினமான ஒரு புதிய வழியைக் கண்டார்.

இமயத்தின் முதல் பாடம்

1930-ல் கஞ்சன்ஜங்கா சிகரத்துக்கு டைரன்பர்த் என்பவரின் தலைமையில் பல நாட்டவர் கொண்ட குழு ஒன்று புறப்பட்டது. ஸ்மைத்தும் அதில் இருந்தார். மலையின் ஒரு பக்கத்தில் பனிப்பாளம் உடைந்து சரிந்ததில் சேத்தன் என்ற அனுபவம் மிக்க ஷெர்ப்பா உயிரிழந்தார். சிகரம் கிட்டவில்லை. உச்சியைத் தொடுவதற்காக மற்றொருவர் உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி அந்த நாளிலிருந்து ஸ்மைத்தை விடவில்லை. பெரும் படையெடுப்பு போன்ற பயணங்களில் அவருக்கு நாட்டம் குறைந்தது. சிறிய குழு, குறைந்த சுமை, மலையோடு பழகுவதற்குப் போதிய நாட்கள் என்பதே அவருடைய கொள்கையாயிற்று.

அந்தக் கொள்கைக்கு மறு ஆண்டே பலன் கிடைத்தது. கார்வால் பகுதியில் திபெத் எல்லையோரம் நிற்கும் காமெட் சிகரம் சுமார் 25,440 அடி உயரமுடையது. பல குழுக்கள் முயன்று திரும்பிய மலை அது. ஸ்மைத் ஆறு ஆங்கிலேயர் கொண்ட குழுவுக்குத் தலைமை ஏற்று, 1931 ஜூன் 21-ந் தேதி எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், லேவா என்ற ஷெர்ப்பா ஆகியோருடன் உச்சியை அடைந்தார். இரு நாட்கள் கழித்து ஏறிய இரண்டாவது கோஷ்டியில் கார்வாலைச் சேர்ந்த கேசர் சிங்கும் இருந்தார். அன்று வரையில் மனிதன் உச்சி வரை ஏறிய மலைகளில் அதுவே மிக உயரமானது. இந்த வெற்றிக்கு லேவா கொடுத்த விலை பெரிது. அவருடைய கால்கள் உறைபனியால் மரத்துப் புண்ணாயின. மற்றவர்கள் முதுகில் சுமந்து அவரைக் கீழே கொண்டுவர வேண்டியதாயிற்று.

மழையில் கண்ட பூமி

வெற்றியுடன் திரும்பிய குழு, வந்த வழியே போகாமல், தௌலிகங்கை பள்ளத்தாக்கிலிருந்து பியூந்தர் கணவாய் வழியாக மேற்கே கடக்க முடிவு செய்தது. கணவாயின் உயரம் 16 ஆயிரம் அடிக்கு மேல். பருவமழை தொடங்கிவிட்டது. காற்றும் பனிமழையும் துரத்த, பனியாற்றைக் கடந்து அவர்கள் மறுபுறம் இறங்கினார்கள். பனி தீர்ந்து புல் தொடங்கிய இடத்தில் பாதத்தை எங்கே வைப்பது என்று தெரியாதபடி பூக்கள் நிறைந்திருந்தன. மழைமேகம் மூடிய அந்தப் பள்ளத்தாக்கில் அவர்கள் தங்கியது சில நாட்களே. எனினும், காமெட் உச்சியைக் காட்டிலும் அந்த நாட்களே ஸ்மைத்தின் மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கை ஸ்மைத் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கம். பியூந்தர், புல்னா கிராமத்தாருக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இடம். கோடையில் ஆடுமாடுகளை ஓட்டிச் சென்று மேய்த்த நிலம். மருந்துக்கு வேர் தேடிய நிலம். மலர்கள் செறிந்த இடங்களில் வனதேவதைகள் உலவுவதாக அவர்களிடையே ஒரு நம்பிக்கையும் உண்டு. ஸ்மைத் செய்தது, அறிந்தவர்கள் சிலராக இருந்த இடத்தை உலகம் அறியச் செய்தது.

எவரெஸ்டில் தனிமை

அதன்பின் எவரெஸ்ட் அவரை அழைத்தது. 1933, 1936, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் திபெத் பக்கமாகச் சென்ற குழுக்களில் அவர் இடம்பெற்றார். 1933 ஜூன் மாதத் தொடக்கத்தில், உடன் வந்த ஷிப்டனுக்கு உடல்நிலை சரியில்லாமல் போகவே, ஸ்மைத் தன்னந்தனியாக, செயற்கைப் பிராணவாயு இன்றி 28 ஆயிரம் அடிக்கு மேல் ஏறினார். உச்சிக்கு இன்னும் ஆயிரம் அடி போல இருக்கையில், பனித்தூள் மூடிய பாறைப் பலகைகள் வழிமறித்தன. அங்கேயே திரும்பிவிட முடிவு செய்தார்.

அந்தத் தனிமையில், தம்முடன் இன்னொருவர் கயிற்றில் இணைந்து வருவது போன்ற உணர்வு அவருக்கு விடாமல் இருந்தது. தின்பதற்கு எடுத்த இனிப்புத் துண்டைப் பாதியாக உடைத்து, அருகில் இருப்பவருக்குக் கொடுக்கத் திரும்பியபோதுதான் யாரும் இல்லை என்பது புரிந்தது. வானத்தில் இரு கரிய உருவங்கள் மிதப்பதையும் அவர் கண்டார். பிராணவாயு குறைந்த உயரத்தில் மூளை செய்யும் மாயம் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். கேலி செய்வார்களே என்று மறைக்காமல் அவர் அதை அப்படியே எழுதி வைத்தார்.

மற்றொன்றை அவர் மறைத்தார். 1924-ல் எவரெஸ்டில் மறைந்துபோன மல்லோரி, இர்வின் ஆகிய இருவரின் கதி என்னவென்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1936-ல் முகாமிலிருந்து தொலைநோக்கியால் மலைமுகத்தைப் பார்த்தபோது, ஓர் இடத்தில் மனித உடல் போல ஒன்று கிடப்பது ஸ்மைத்தின் கண்ணில் பட்டது. பத்திரிகைகள் இதைப் பரபரப்பாக்கிவிடும் என்று கருதி, அதை மூத்த மலையேறி நார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார். 1999-ல் மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஸ்மைத்தின் கடிதச் செய்தியோ, அவருடைய மகன் 2013-ல் வெளியிட்ட வரலாற்று நூலின் மூலமே வெளியே வந்தது. எழுதியே பிழைத்த மனிதர், தமக்குப் பெரும் புகழும் பணமும் தந்திருக்கக்கூடிய ஒரு செய்தியை எழுதாமல் விட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

மீண்டும் பள்ளத்தாக்கு

1937-ல் எவரெஸ்ட் பயணம் எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த பியூந்தர் பள்ளத்தாக்குக்கு ஸ்மைத் திரும்பினார். வாங்டி நூர்பு முதலிய சில ஷெர்ப்பாக்களே துணை. இடையில் பீட்டர் ஆலிவர் என்ற ராணுவ அதிகாரி வந்து சேர்ந்துகொண்டார். கோடை தொடங்கி மழைக்காலம் தாண்டும் வரை அங்கே கூடாரமடித்துத் தங்கினார் ஸ்மைத். நீல்கிரி பர்பத் என்ற சிகரத்திலும், 23,800 அடிக்கு மேற்பட்ட மானா சிகரத்திலும் ஏறினார். மானாவின் கடைசிப் பகுதியைத் தனியாகவே கடந்து உச்சியை அடைந்தார். ஆனால் அந்தப் பயணத்தின் நோக்கம் மலர்களே. எடின்பரோ தாவரவியல் தோட்டத்துக்காகச் செடிகளைக் காயவைத்துப் பதப்படுத்துவதும், முதிர்ந்த விதைகளைத் திரட்டுவதும் அவருடைய அன்றாட வேலையாயிற்று. நீலப் பாப்பி, பிரிமுலா, அனிமோன், நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் மலை இனங்கள் என்று அங்கே மலர்வகைகள் எண்ணற்றவை.

இத்தனை பூக்கள் அந்த ஓரிடத்தில் ஏன் குவிந்தன என்பதற்கு விடை பனியாற்றில் இருக்கிறது. உயரத்தில் ஆண்டுதோறும் விழும் பனி உருகித் தீராமல் ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கிப் பனிக்கட்டியாகிறது. கனம் மிகுந்ததும் அது தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. அதுவே பனியாறு. ஓடும் தண்ணீர் மலையை ஆங்கில வி எழுத்தைப் போல் கூர்மையாக அறுக்கும். பனியாறோ யூ எழுத்தைப் போல் அகலமாகக் குடைந்து, அடியில் தட்டையான நிலத்தை விட்டுச் செல்லும். மலர்ப் பள்ளத்தாக்கின் அகன்ற தரை அப்படிக் குடையப்பட்டதே. பனியாறு அரைத்த பாறைப்பொடி மண்ணாயிற்று. குளிர்காலப் பனி போர்வைபோல் மூடி வேர்களைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது. சரிவுகளில் உருளும் பனிச்சரிவுகள் பெருமரங்களை வளரவிடுவதில்லை. ஜூனில் பனி உருகி, ஜூலையில் மழை இறங்கும்போது, சில வாரங்களுக்குள் முளைத்துப் பூத்து விதைத்துவிட வேண்டிய அவசரம் செடிகளுக்கு. அதனால்தான் எல்லாம் ஒரே சமயத்தில் பூக்கின்றன. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் திப்ரா பனியாற்றிலிருந்து புஷ்பாவதி ஆறு பிறந்து நடுவே ஓடுகிறது.

லோத்குண்டா, அல்வால், திருமலகிரிப் பகுதிகளில் வாழ்வோருக்குப் பாறைகள் புதிதல்ல. அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் தக்காணத்துக் கருங்கல் உருண்டைகள் வெயிலாலும் நீராலும் இருந்த இடத்திலேயே தேய்ந்து உருவானவை. பியூந்தரில் காணும் பாறைக்குவியல்கள் அப்படியல்ல. பனியாறு உயரத்திலிருந்து பெயர்த்துச் சுமந்து வந்து, தான் பின்வாங்கியபோது போட்டுவிட்டுப் போனவை அவை. அந்தக் கற்களைப் பார்த்தே, முன்பு பனி எதுவரை நீண்டிருந்தது என்பதைக் கணிக்கிறார்கள்.

புத்தகமும் ஒரு கல்லறையும்

1938-ல் மலர்ப் பள்ளத்தாக்கு என்ற பெயரிலேயே ஸ்மைத்தின் புத்தகம் வெளிவந்தது. அவர் எழுதிய 27 நூல்களில் இன்றும் அதிகமாக நினைக்கப்படுவது இதுதான். ஐரோப்பாவில் யுத்த மேகம் சூழ்ந்திருந்த நேரத்தில், மழையையும் மலர்களையும் பற்றிய அந்நூல் வாசகர்களை ஈர்த்தது.

அதன் விளைவுகளில் ஒன்று துயரமானது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் சார்பில் ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி 1939-ல் மலர்களை ஆராய அங்கே வந்தார். பாறைச் சரிவில் செடி சேகரிக்கையில் கால் தவறி விழுந்து, அந்த ஜூலை மாதத்திலேயே உயிர் துறந்தார். பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவருடைய சகோதரி அங்கு வந்து நினைவுக்கல் நாட்டினார். இன்றும் அங்கு செல்பவர்கள் அந்தக் கல்லருகே நின்று வருகிறார்கள்.

இறுதி நாட்கள்

இரண்டாம் உலகப் போரில் ஸ்மைத், லோவட் ஸ்கௌட்ஸ் படையினருக்கு கனடாவின் ராக்கி மலைகளில் பனியிலும் பாறையிலும் பயிற்சி அளித்தார். அங்கே ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் ஒரு சிகரம் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

1949-ல் மீண்டும் இமயத்தை நாடி டார்ஜிலிங் வந்தார். 1938-ல் எவரெஸ்ட் குழுவில் உடனிருந்த டென்சிங், பழைய எஜமானரைப் பார்க்க ஆவலோடு சென்றார். ஸ்மைத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தேதியும் மாதமும் தடுமாறின. ஒரு நாள், தாம் ஏதோ உயரமான பனிச்சரிவில் நிற்பதாக எண்ணி, பனிக்கோடரியை எடுத்துத் தரும்படி டென்சிங்கைக் கேட்டார். டென்சிங் தம் சுயசரிதையில் இதை வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார். ஸ்மைத்தை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்கள். 1949 ஜூன் 27-ந் தேதி, 49 வயது நிறைய ஒன்பது நாட்களே இருக்கும்போது, அவர் காலமானார்.

அவரை வீழ்த்தியது மலேரியா. அந்த நோய்க்கிருமி கொசுவின் உடலில் இருப்பதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் நுண்ணோக்கியில் கண்டது, லோத்குண்டாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில். கொசுதான் காரணம் என்று உலகம் அறிந்து அரை நூற்றாண்டு கழிந்தும், பனிச்சரிவுக்கும் புயலுக்கும் தப்பிய மனிதர் அதற்குத் தப்ப முடியவில்லை.

பூங்காவான பிறகு

ஸ்மைத் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின், 1982-ல் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். 2005-ல் நந்தாதேவி தேசியப் பூங்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தில் இதற்கு ஈடான மலர்வெளிகள் வேறும் உண்டு. அவற்றுக்குக் கிட்டாத பாதுகாப்பு இதற்குக் கிட்டியதில், ஸ்மைத் வைத்த பெயருக்குப் பெரும் பங்கு உண்டு.

பூங்கா வந்ததும் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. பியூந்தர் மக்கள் தம் கோடைக்கால நிலத்தை இழந்தார்கள். ஸ்மைத் கண்டு வியந்த பள்ளத்தாக்கு ஆடுகள் மேய்ந்த பள்ளத்தாக்கு என்பது அப்போது போதிய அளவு நினைக்கப்படவில்லை. தடைக்குப் பிறகு, ஆளுயரம் வளரும் பாலிகோனம் என்ற செடி பல இடங்களில் பரவி, குட்டையான மலர்ச்செடிகளை மூடத் தொடங்கியது. மேய்ச்சல் நின்றதே இதற்குக் காரணம் என்று ஒரு சாராரும், பழைய மேய்ச்சல் மண்ணைக் கிளறியதன் பின்விளைவு என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். எப்படியிருப்பினும், அச்செடியைப் பிடுங்கி எறிவது வனத்துறைக்கு நிரந்தர வேலையாகிவிட்டது. கிராமத்தாரின் வாழ்வு இப்போது பெரும்பாலும் யாத்ரீகர்களையும் பயணிகளையும் நம்பியிருக்கிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் பியூந்தர் கிராமமும் கோவிந்த்காட்டும் பெரும் சேதமடைந்தபோது, அந்த வருமானமும் எவ்வளவு நிலையற்றது என்பது தெரிந்தது.

பனியாறும் ஓய்ந்திருக்கவில்லை. திப்ரா பனியாறு பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கி வருவதை அளவீடுகள் காட்டுகின்றன. 2021 பிப்ரவரி 7-ந் தேதி, அதே சமோலி மாவட்டத்தில் ரோந்தி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனிக்கட்டியும் ஒருசேரப் பெயர்ந்து விழுந்து ரிஷிகங்கையில் வெள்ளமாகப் பாய்ந்ததில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். பூங்காவின் எல்லைக்கோடு ஆட்டு மந்தையைத் தடுக்கும். ஏறிவரும் வெப்பத்தைத் தடுக்காது.

ஹைதராபாத் நகரில் குண்டா என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல. தெலுங்கில் அதற்குச் சிறு குளம் என்று பொருள். மாசாப் டாங்க் என்ற பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஏரி இல்லை. நீர் போனாலும் பெயர் நின்றுவிடும் என்பதை இந்நகரத்தார் கண்கூடாக அறிவார்கள். பிராங்க் ஸ்மைத் வைத்த பெயரும் அப்படி வெறும் பெயராக நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், பனி தொடர்ந்து விழ வேண்டும். அந்தப் பனியோடும் மண்ணோடும் பழகிய பியூந்தர் மக்களுக்கும் பாதுகாப்பில் பங்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜூன் மாதமும் பூங்கா திறக்கிறது. அக்டோபர் முடிவில் மூடுகிறது. மற்ற மாதங்களில் அந்தப் பள்ளத்தாக்கு பனிக்கே சொந்தம்.